துப்பாக்கியின் துணைக்கருவியும் ஒழுங்குவிதியின் எல்லையும்

ஓர் அரசு மக்களின் பாதுகாப்பைக் கருதி ஒரு பொருளைத் தடைசெய்ய விரும்பினால் அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. மக்கள் பிரதிநிதிகளின் சபையில் சட்டமூலமொன்றைச் சமர்ப்பித்து, விவாதித்து, வாக்கெடுப்பின் மூலம் நிறைவேற்றுவது முதலாவது வழி. ஏற்கெனவே நடைமுறையிலுள்ள ஒரு சட்டத்தின் கீழ் அமைச்சரோ திணைக்களமோ ஒழுங்குவிதியொன்றை ஆக்கி வர்த்தமானியில் வெளியிடுவது இரண்டாவது வழி. முதலாவது நீண்டது, கடினமானது. இரண்டாவது குறுகியது, இலகுவானது. ஆட்சியிலிருப்போர் எந்த நாட்டிலும் இரண்டாவது வழியையே பெரிதும் விரும்புகின்றனர். ஆயினும், அவ்வழியில் கட்டப்பட்ட தடை நீதிமன்றத்தின் முன் எவ்வளவு காலம் நிலைத்து நிற்கும் என்பது வேறு கேள்வியாகும்.

இக்கேள்விக்கு அண்மைக்கால உலக வரலாற்றில் கிடைத்த மிகத் தெளிவான விடை ஐக்கிய அமெரிக்காவிலிருந்து வந்தது. துப்பாக்கியோடு பொருத்தப்படும் சிறியதொரு துணைக்கருவியைச் சமஷ்டி அரசின் திணைக்களமொன்று ஒழுங்குவிதி மூலம் தடைசெய்தது. அத்தடை 5 ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றங்களில் இழுபட்டு 2024இல் முற்றாக வீழ்ந்தது. துப்பாக்கிகளாலும் வர்த்தமானிகளாலும் சமமாகவே பாதிக்கப்பட்ட அனுபவம் கொண்ட கிழக்கிலங்கையின் தமிழ், முஸ்லிம் வாசகர்கள் இவ்வழக்கின் வரலாற்றை அறிந்திருப்பது பயன்தரும் என்பதால் அதனை இங்கு ஒழுங்குபடுத்தித் தருகின்றோம்.

1934ஆம் ஆண்டின் வரைவிலக்கணம்

அமெரிக்காவில் இயந்திரத் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் அடிப்படைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் தேசிய சுடுகலன்கள் சட்டமாகும். மதுவிலக்குக் காலத்தின் குற்றக் கும்பல்கள் வீதிகளில் இயந்திரத் துப்பாக்கிகளால் சுட்டுக்கொண்ட பின்னணியில் காங்கிரஸ் அதனை நிறைவேற்றியது. அச்சட்டம் இத்தகைய ஆயுதங்களை நேரடியாகத் தடைசெய்யவில்லை. அவற்றைப் பதிவுசெய்யுமாறும், கைமாற்றும் ஒவ்வொரு தடவையும் 200 டொலர் வரி செலுத்துமாறும் விதித்தது. 1968இல் இவ்வரைவிலக்கணம் விரிவாக்கப்பட்டு, சாதாரண துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கியாக மாற்றும் பாகங்களும் அதனுள் அடக்கப்பட்டன. 1986இல் பொதுமக்களுக்குப் புதிய இயந்திரத் துப்பாக்கிகள் விற்பதே தடைசெய்யப்பட்டது. மீறுவோருக்கு 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

இயந்திரத் துப்பாக்கி என்றால் என்ன என்பதற்கு அச்சட்டம் கூறும் இலக்கணத்தில் இரு நிபந்தனைகள் முக்கியமானவை. துப்பாக்கி விசையின் 'ஒரே தொழிற்பாட்டினால்' ஒன்றுக்கு மேற்பட்ட ரவைகள் வெளியேற வேண்டும் என்பது ஒன்று. அது 'தானியங்கியாக' நிகழவேண்டும் என்பது மற்றொன்று. 1934இல் எழுதப்பட்ட இச்சில சொற்களைச் சுற்றியே 2024ஆம் ஆண்டின் தீர்ப்பு அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பம்ப் ஸ்டொக் என்ற கருவி

அரைத் தானியங்கித் துப்பாக்கியில் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு ரவையே வெளியேறும். அடுத்த ரவைக்கு விசையை விடுவித்து மீண்டும் அழுத்த வேண்டும். பம்ப் ஸ்டொக் எனப்படும் துணைக்கருவி, எமது மக்கள் துவக்கின் சோங்கு என்று கூறும் பின்கட்டைக்குப் பதிலாகப் பொருத்தப்படுவதாகும். ரவை வெளியேறும்போது உண்டாகும் பின்னுதைப்பினால் துப்பாக்கி இச்சோங்கினுள் பின்னோக்கிச் சறுக்குகின்றது. சுடுபவர் மறுகையால் குழற்பகுதியை முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்தால், துப்பாக்கி மீண்டும் முன்வந்து, அசையாது வைத்திருக்கும் விரலில் விசை தானே மோதுகின்றது. இவ்வாறு மோதலும் சறுக்கலும் மாறிமாறி நிகழ்வதால் நிமிடமொன்றுக்கு நூற்றுக்கணக்கான ரவைகளைச் சுட முடிகின்றது. கேட்பவரின் காதுக்கு இயந்திரத் துப்பாக்கிக்கும் இதற்கும் வேறுபாடு தெரிவதில்லை.

சுடுகலன்களை நிர்வகிக்கும் சமஷ்டித் திணைக்களம், 2008 முதல் 2017 வரையான காலப்பகுதியில் பல தடவைகள் இவ்வகைக் கருவிகளைப் பரிசீலித்து, சுருள்வில் முதலிய இயந்திரப் பொறி இல்லாதவை இயந்திரத் துப்பாக்கியின் வரைவிலக்கணத்துக்குள் வரமாட்டா என்று எழுத்துமூலம் அறிவித்திருந்தது. அவ்வறிவிப்பை நம்பியே வியாபாரிகள் விற்றனர், பொதுமக்கள் வாங்கினர். பின்னாளில் இவ்விபரம் அரசுக்கு எதிரான பலமான வாதமாக மாறியது.

லாஸ் வேகாஸ் துயரமும் அதன் பின்னும்

2017 ஒக்டோபர் 1ஆம் திகதி இரவு லாஸ் வேகாஸ் நகரில் திறந்தவெளி இசைநிகழ்ச்சியொன்றில் கூடியிருந்த மக்கள் மீது, அருகிலிருந்த ஹோட்டலின் 32ஆம் மாடியிலிருந்து ஒருவன் சுட்டான். ஏறத்தாழ 10 நிமிட நேரத்தில் 1000க்கும் மேற்பட்ட ரவைகள் பாய்ந்தன. 58 பேர் கொல்லப்பட்டனர். காயமடைந்திருந்த இருவர் பின்னர் இறந்ததால் அத்தொகை 60 ஆனது. நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தனர். கொலையாளியின் துப்பாக்கிகள் பலவற்றில் பம்ப் ஸ்டொக் பொருத்தப்பட்டிருந்தது.

மக்களின் கொதிப்பு தணியுமுன் கலிபோர்னிய செனட்டர் டயான் பைன்ஸ்டைன் இக்கருவியைத் தடைசெய்யும் சட்டமூலத்தைச் சமர்ப்பித்தார். துப்பாக்கி உரிமையை வலியுறுத்தும் தேசிய ரைபிள் சங்கமும்கூட இக்கருவிகளுக்கு மேலதிகக் கட்டுப்பாடு தேவை என அப்போது ஏற்றுக்கொண்டது. ஆனால், அதனைத் திணைக்களமே ஒழுங்குவிதி மூலம் செய்யட்டும் என்பது அச்சங்கத்தினதும், அப்போது காங்கிரஸில் பெரும்பான்மை பெற்றிருந்த குடியரசுக் கட்சியினர் பலரினதும் நிலைப்பாடாக இருந்தது. துப்பாக்கி தொடர்பான சட்டமொன்றுக்கு ஆதரவாகத் தமது பெயரில் வாக்களிப்பதை அவர்கள் விரும்பவில்லை. ஒழுங்குவிதியை ஆக்கினால் அது நீதிமன்றங்களில் சிக்குண்டுவிடும், சட்டம் ஒன்றே தீர்வு என பைன்ஸ்டைன் எச்சரித்தார். அவர் 2023இல் காலமானார். அவரது எச்சரிக்கை மறு ஆண்டு மெய்யானது.

2018 பெப்ரவரியில் ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் இதற்கான ஒழுங்குவிதியை ஆக்குமாறு நீதித் திணைக்களத்தைப் பணித்தார். பொதுமக்களின் கருத்துக்கள் கோரப்பட்டபின், 2018 டிசம்பர் 26ஆம் திகதி இறுதி விதி வெளியிடப்பட்டது. பம்ப் ஸ்டொக் ஒவ்வொன்றும் இயந்திரத் துப்பாக்கியே என அது பிரகடனம் செய்தது. வைத்திருப்போர் 90 நாட்களுக்குள் அதனை அழிக்கவோ கையளிக்கவோ வேண்டும். நட்டஈடு இல்லை. நாட்டில் இத்தகைய கருவிகள் 5 இலட்சத்துக்கு மேல் இருக்கக்கூடும் என்பது திணைக்களத்தின் மதிப்பீடு. 2019 மார்ச் 26 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. நேற்றுவரை சட்டபூர்வமாக வைத்திருந்த பொருளுக்காக ஒருவர் இன்று 10 ஆண்டு சிறைக்குரியவரானார். இடையில் சட்டத்தின் ஒரு சொல்லேனும் மாற்றப்படவில்லை.

நீதிமன்றங்களில் நடந்தவை

விதி வெளிவந்த உடனேயே பல மாநிலங்களில் வழக்குகள் தொடரப்பட்டன. தலைநகர் வாஷிங்டனின் மேன்முறையீட்டு நீதிமன்றம் உள்ளிட்ட சில நீதிமன்றங்கள் அரசின் பக்கம் நின்றன. சின்சினாட்டி நகரில் அமர்ந்த ஆறாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒரு வழக்கில் சரிபாதியாகப் பிளவுபட்டனர். டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்டின் நகரத் துப்பாக்கி வியாபாரியும் முன்னாள் இராணுவ வீரருமான மைக்கல் கார்கில், தம்மிடமிருந்த இரண்டு பம்ப் ஸ்டொக்குகளைக் கையளித்துவிட்டு வழக்குத் தாக்கல் செய்தார். விதியை மீறிவிட்டு நீதிமன்றம் செல்லாமல், முதலில் பணிந்து பின்னர் எதிர்த்தமை அவதானிக்கத்தக்கது. 2023 ஜனவரியில் ஐந்தாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு ஆயம், 16 நீதிபதிகளுள் 13 பேரின் இணக்கத்துடன் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

2024 ஜூன் 14ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் கிளாரன்ஸ் தோமஸ், விசையின் உள்ளமைப்பைப் படங்களோடு விளக்கினார். பம்ப் ஸ்டொக் இருந்தாலும் ஒவ்வொரு ரவைக்கும் விசை ஒருமுறை விடுபட்டு மீண்டும் இயங்கியே ஆகவேண்டும். எனவே ஒரே தொழிற்பாட்டில் பல ரவைகள் வெளியேறுவதில்லை. அத்துடன், மறுகை இடையறாது முன்னோக்கித் தள்ளினாலன்றி அது இயங்காது. எனவே அது தானியங்கியுமல்ல என்பது அவரது முடிவு.

நீதியரசர் சோனியா சோட்டோமேயர் மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். நீதியரசர்கள் எலேனா கேகன், கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் ஆகியோர் அவருடன் இணங்கினர். விசையின் தொழிற்பாடு என்பதைச் சுடுபவரின் செயலைக் கொண்டே விளங்க வேண்டும், விரலை ஒருமுறை வைத்தபின் துப்பாக்கி தொடர்ந்து சுடுமாயின் அது இயந்திரத் துப்பாக்கியே, 1934இல் காங்கிரஸ் தடுக்க விரும்பியதும் அதனையே என்பது அவரது வாதம். நடையாலும் குரலாலும் வாத்தைப் போன்றிருக்கும் பறவையை வாத்து என்றே தாம் அழைப்பதாக அவர் கூறியமை உலகெங்கும் செய்தியாகியது.

இத்தீர்ப்பு தொடர்பாக எமது நாட்டில் நிலவும் ஒரு தவறான எண்ணத்தை இங்கு நீக்கவேண்டியுள்ளது. ஆயுதம் ஏந்தும் உரிமையைக் கூறும் அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்தின் அடிப்படையில் இத்தடை நீக்கப்படவில்லை. இக்கருவியைத் தடைசெய்யக் கூடாது என்று நீதிமன்றம் கூறவுமில்லை. தடைசெய்யும் அதிகாரம் திணைக்களத்துக்கு இல்லை என்பதே அதன் கூற்று. பெரும்பான்மையுடன் இணங்கிய நீதியரசர் சாமுவேல் அலிட்டோ தமது தனிக்குறிப்பில், காங்கிரஸ் சட்டத்தைத் திருத்துமாயின் பிரச்சினை எளிதில் தீரும் எனச் சுட்டிக்காட்டினார்.

ஆனால் காங்கிரஸ் திருத்தவில்லை. தீர்ப்பு வெளியாகி நான்கு நாட்களில் செனட் சபையில் தடைச் சட்டமூலத்தை ஏகமனதாக நிறைவேற்ற முயற்சிக்கப்பட்டது. குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவரின் ஆட்சேபத்தால் அது தடைப்பட்டது. புளோரிடா, நெவாடா போன்ற மாநிலங்கள் லாஸ் வேகாஸ் கொலைகளின் பின்னர் தத்தமது சட்டசபைகளில் நிறைவேற்றிய தடைகளோ இத்தீர்ப்பினால் பாதிக்கப்படவில்லை. சட்டசபையின் வழியே சென்ற தடை நிலைத்தது. திணைக்களத்தின் வழியே சென்ற தடை வீழ்ந்தது.

பிஸ்டல் பிரேஸ்: இரு முனைப் போராட்டம்

பம்ப் ஸ்டொக் வழக்கு நீதிமன்றத்தில் மட்டும் நடந்தது. பிஸ்டல் பிரேஸ் எனப்படும் முன்கைத் தாங்கி தொடர்பான விதியோ நீதிமன்றம், காங்கிரஸ் என்ற இரு களங்களிலும் எதிர்க்கப்பட்டது. கையூனமுற்ற முன்னாள் படைவீரர் ஒரு கையால் சுடுவதற்கு உதவும் நோக்கில் 2012இல் இக்கருவி உருவாக்கப்பட்டு, திணைக்களத்தின் அனுமதியையும் பெற்றது. காலப்போக்கில் பலர் அதனைத் தோளில் ஊன்றிச் சுடத் தொடங்கினர். இதனால் கைத்துப்பாக்கி என்று விற்கப்பட்ட ஆயுதம், 1934ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தும் குறுங்குழல் ரைபிளாகப் பயன்பட்டது. 2019இல் ஒஹையோ மாநிலத்தின் டேட்டனிலும், 2021இல் கொலராடோ மாநிலத்தின் போல்டரிலும் நடைபெற்ற கூட்டுக்கொலைகளில் இக்கருவி பொருத்தப்பட்ட ஆயுதங்கள் பயன்படுத்தப்பட்டன.

ஜனாதிபதி ஜோ பைடனின் நிர்வாகம் 2023 ஜனவரி 31ஆம் திகதி புதிய விதியை வெளியிட்டது. பிரேஸ் பொருத்தப்பட்ட பெரும்பாலான கைத்துப்பாக்கிகள் குறுங்குழல் ரைபிள்களாகக் கருதப்படும் என்றும், உரிமையாளர் 2023 மே 31க்குள் அவற்றைப் பதிவுசெய்யவோ, பிரேஸைக் கழற்றவோ, ஆயுதத்தைக் கையளிக்கவோ வேண்டும் என்றும் அது கூறியது. இதனால் இலட்சக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர்.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, திணைக்களமொன்று ஆக்கிய விதியைக் குறிப்பிட்ட காலத்துக்குள் சாதாரண பெரும்பான்மையால் நிராகரிக்கக் காங்கிரஸுக்கு அதிகாரம் உண்டு. அதன் கீழ் கொண்டுவரப்பட்ட தீர்மானம் 2023 ஜூன் 13ஆம் திகதி பிரதிநிதிகள் சபையில் 219க்கு 210 என நிறைவேறியது. ஒன்பது நாட்களின் பின் செனட் சபையில் 49க்கு 50 என ஒரேயொரு வாக்கினால் தோற்றது. சபை தோற்கடித்ததால் விதி பிழைத்தது என்று எண்ணப்பட்டது. எனினும் 2024 ஜூன் 13ஆம் திகதி டெக்சாஸ் மாவட்ட நீதிபதி ரீட் ஒகோனர் அவ்விதியை முற்றாக இரத்துச்செய்தார். முதலில் மக்களின் கருத்தறியும் பொருட்டு வெளியிட்ட வரைவுக்கும் இறுதி விதிக்கும் பாரிய வேறுபாடு காணப்பட்டமை அதற்கான காரணங்களுள் ஒன்றாகும். மக்களிடம் ஒன்றைக் காட்டிக் கருத்துக் கேட்டுவிட்டு வேறொன்றைச் சட்டமாக்கக் கூடாது என்பது இதன் சாரம். ட்ரம்ப் மீண்டும் பதவிக்கு வந்தபின், 2025இல் அரசு இவ்வழக்கின் மேன்முறையீட்டைக் கைவிட்டது.

அதேவேளை ஒழுங்குவிதி எல்லாமே தோற்றுவிட்டதாகவும் கருதக் கூடாது. வீட்டிலேயே பொருத்திக்கொள்ளக்கூடிய, தொடரிலக்கமற்ற துப்பாக்கிப் பொதிகளைக் கட்டுப்படுத்தும் 2022ஆம் ஆண்டு விதியை, அதே உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 26ஆம் திகதி 7க்கு 2 எனச் செல்லுபடியானதாக ஏற்றது. துப்பாக்கியாக எளிதில் மாற்றக்கூடிய பொருளும் துப்பாக்கியே எனக் காங்கிரஸ் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியிருந்தமையே காரணமாகும். மூலச் சட்டத்தின் சொற்கள் தாங்கும் பாரத்தை மட்டுமே ஒழுங்குவிதி ஏற்ற முடியும் என்பதை இவ்விரு தீர்ப்புகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

சட்டவாக்கத்தின் மூலம் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் முயற்சிகளும் தொடர்ந்தன. 2025 ஜூலை 4ஆம் திகதி கையொப்பமிடப்பட்ட வரவுசெலவுச் சட்டத்தின் மூலம், ஒலியடக்கிகளுக்கும் குறுங்குழல் ரைபிள்களுக்குமான 200 டொலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூச்சியமாக்கப்பட்டது. பதிவுமுறையையே நீக்கும் ஏற்பாடு செனட் சபையின் நடைமுறை விதிகளுக்கு முரணானதென விலக்கப்பட்டது. 1934ஆம் ஆண்டுச் சட்டத்தை 1937இல் உயர் நீதிமன்றம் வரிவிதிக்கும் அதிகாரத்தின் அடிப்படையிலேயே ஏற்றிருந்தது. வரியே இல்லையெனின் பதிவு எதற்கு என்ற கேள்வியுடன் புதிய வழக்குகள் தொடரப்பட்டன.

வேறு நாடுகள் சென்ற வழி

2019 மார்ச் 15ஆம் திகதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் இரு பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்காகக் கூடியிருந்த 51 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அந்நாட்டு அரசு முதலில் மார்ச் 21ஆம் திகதி ஒழுங்குவிதியொன்றின் மூலம் குறித்த ஆயுதங்களின் விற்பனையைக் கட்டுப்படுத்தியது. ஆனால் அத்தோடு நின்றுவிடவில்லை. ஏப்ரல் 10ஆம் திகதி பாராளுமன்றம் 119க்கு 1 என்ற வாக்குகளால் சட்டத்தையே திருத்தியது. துப்பாக்கிகள் மட்டுமன்றி, அவற்றின் தாக்கத்தைப் பெருக்கும் பாகங்களும் ரவைக்கூடுகளும் அதில் உள்ளடக்கப்பட்டன. கையளித்தோருக்கு நட்டஈடு வழங்கப்பட்டு, 50,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் மீளப்பெறப்பட்டன. அங்கு ஒழுங்குவிதி ஒரு தற்காலிகப் பாலமாகவே பயன்பட்டது, சட்டத்துக்குப் பதிலாக நிற்கவில்லை. பிரித்தானியாவும் பம்ப் ஸ்டொக் கருவிகளை 2019ஆம் ஆண்டின் தாக்குதல் ஆயுதங்கள் சட்டத்தில் பெயர் குறிப்பிட்டே தடைசெய்தது.

எமது நாட்டின் நிலை

இலங்கையில் துப்பாக்கிகளை நிர்வகிப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டமாகும். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்குகளுக்கு மாவட்டச் செயலாளரும், தனிப்பட்ட பாதுகாப்புக்கான கைத்துப்பாக்கிகளுக்குப் பாதுகாப்பு அமைச்சும் அனுமதிப்பத்திரம் வழங்குவது நடைமுறை. அனுமதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பது இங்கு உரிமையன்று, அரசு அளிக்கும் அனுமதியே. 2024 நவம்பரில் தனிப்பட்ட பாதுகாப்புக்காக வழங்கிய துப்பாக்கிகளைத் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு அறிவித்தபோது, அமெரிக்காவில் எழுந்திருக்கக்கூடிய புயல் இங்கு எழாதமைக்குக் காரணம் இதுவேயாகும்.

துப்பாக்கி தளர்வாகப் புழங்குவதை எமது கரையோர மக்கள் எவரும் விரும்பமாட்டார்கள். காத்தான்குடி, ஏறாவூர், வீரமுனை என்ற பெயர்கள் 1990 ஓகஸ்ட் மாதத்தோடு சேர்த்தே நினைக்கப்படுகின்றன. அதே ஆண்டு ஜூனில் கல்முனையும் அதன் சுற்றுப்புறங்களும் கண்டவற்றை இரு சமூகத்தினரும் மறந்துவிடவில்லை. சில இடங்களில் சுட்டவை எந்த அனுமதியுமற்ற துப்பாக்கிகள். வேறு சில இடங்களில் அரசே விநியோகித்த துப்பாக்கிகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. எனவே துப்பாக்கிக் கட்டுப்பாடு என்ற நோக்கத்தில் எமக்கு ஐயமில்லை. அதிகாரம் எவரிடம், எந்த எல்லையோடு இருக்க வேண்டும் என்பதிலேயே அமெரிக்க வழக்கு எம்மைத் தொடுகின்றது.

ஏனெனில் ஒழுங்குவிதிகளின் கனத்தை இப்பிரதேசம் தன் தோளில் சுமந்திருக்கின்றது. 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆக்கப்படும் அவசரகால ஒழுங்குவிதிகள், அரசியலமைப்பைத் தவிர்ந்த எந்தச் சட்டத்தையும் மேவிச்செல்ல வல்லவை. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் பயங்கரவாதிகள் குண்டுகளை வெடிக்கச்செய்து சிறுவர்கள் உட்படப் பலர் மாண்ட சில தினங்களில், முகத்தை மூடும் ஆடை இத்தகைய விதியொன்றினால் தடைசெய்யப்பட்டது. பாராளுமன்ற விவாதமின்றி வந்த அத்தடை, 2019 ஓகஸ்டில் அவசரகால நிலை காலாவதியானபோது தானும் காலாவதியானது.

எமது உயர் நீதிமன்றமும் ஒழுங்குவிதிகளுக்கு எல்லை வகுத்த சந்தர்ப்பங்கள் உண்டு. ஜோசப் பெரேரா வழக்கில் பிரதம நீதியரசர் எஸ். சர்வானந்தா தலைமையிலான ஆயம், துண்டுப்பிரசுரம் விநியோகிக்கப் பொலிஸாரின் முன்னனுமதி தேவை என்ற அவசரகால விதியைச் செல்லுபடியற்றதென 1987இல் தீர்ப்பளித்தது. ஐந்து மாகாண சபைகளின் தேர்தலை அவசரகால விதி மூலம் ஒத்திவைத்தமை தவறென 1999இல் கருணாதிலக வழக்கில் தீர்ப்பாகியது. 2022 ஜூலை 17ஆம் திகதி பதில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க பிறப்பித்த அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியதாக 2025 ஜூலையில் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கப்பட்டது.

எமது வாசகர்களுக்கு மிக நெருக்கமான உதாரணம் 2021 மார்ச் மாதத்துக்குரியது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்ட ஒழுங்குவிதி, தீவிரவாத மதக் கருத்துடையவர் எனச் சந்தேகிக்கப்படும் ஒருவரை, குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்படாமலேயே புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்ப இடமளித்தது. அடிப்படை உரிமை மனுக்களை அடுத்து 2021 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. பின்னர் அரசு புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்துடன் பாராளுமன்றம் வந்தது. 2022இல் அதனை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், போதைப்பொருளுக்கு அடிமையானோர் தவிர்ந்த பிரிவினரை நீக்கினாலன்றிச் சாதாரண பெரும்பான்மையால் அதனை நிறைவேற்ற முடியாது எனக் கூறியது. வர்த்தமானியில் மறைந்திருந்த ஏற்பாடு சட்டமூலமாக வெளிச்சத்துக்கு வந்தபோது அதன் கூர்மை மழுங்கியது.

கவனிக்கவேண்டிய வேறுபாடு

இரு நாடுகளுக்கும் இடையே அடிப்படை வேறுபாடொன்று உண்டு. அமெரிக்காவில் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தையும் எந்நேரத்திலும் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். இலங்கை அரசியலமைப்பின் 80(3) உறுப்புரையின்படி, சபாநாயகர் சான்றுரைப்படுத்திய சட்டத்தின் செல்லுபடித்தன்மையை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது. சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்பட்ட பின்னரான குறுகிய காலத்துக்குள் மட்டுமே 121ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம். ஒழுங்குவிதியையோ 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாத காலத்துக்குள் அடிப்படை உரிமை மனு மூலமும், 140ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு மூலமும் எதிர்க்கலாம்.

எனவே எல்லாவற்றையும் பாராளுமன்றமே செய்யட்டும் என்று அமெரிக்க நீதியரசர்களைப் போல நாம் எளிதில் கூறிவிட முடியாது. பெரும்பான்மையினரின் வாக்குப் பலத்தால் அவசரமாக நிறைவேறும் சட்டம், ஒழுங்குவிதியைவிட நிரந்தரமான தீங்கை விளைவிக்கக்கூடும். இரண்டையும் கண்காணிக்க வேண்டிய சுமை சிறுபான்மைச் சமூகங்களின் மீதே விழுகின்றது. வர்த்தமானி தமிழில் வெளிவந்ததா, அதிலுள்ள சொற்களுக்கு வரைவிலக்கணம் உண்டா, மூலச் சட்டம் அவ்வதிகாரத்தை அளிக்கின்றதா, கால எல்லை எப்போது முடிகின்றது என்ற நான்கு கேள்விகளை, கல்முனை முதல் பொத்துவில் வரையுள்ள சட்டத்தரணிகளும் பள்ளிவாசல், ஆலய நிருவாகங்களும் சிவில் அமைப்புகளும் ஒவ்வொரு தடவையும் கேட்கப் பழகவேண்டும். 30 நாட்கள் கழிந்தபின் எழுப்பப்படும் குரல் பெரும்பாலும் நீதிமன்ற வாசலைத் தாண்டுவதில்லை.

சொற்களின் தெளிவு பற்றியும் ஒன்று கூறவேண்டும். தண்டனைச் சட்டத்தில் ஐயம் எழுமிடத்து அதன் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவரையே சேரும் என்பது ஆங்கிலச் சட்ட மரபின் கொள்கை. ஐந்தாம் வட்டார நீதிபதிகளுள் பலர் கார்கிலுக்குச் சார்பாக இதனையும் காரணமாகக் காட்டினர். சந்தேகம் உள்ள இடத்தில் ஹுதூத் தண்டனைகள் தவிர்க்கப்படும் என்பது இஸ்லாமிய ஃபிக்ஹிலும் நன்கறியப்பட்ட விதியாகும். தீவிரவாதம், ஒற்றுமையைக் குலைத்தல் போன்ற விளக்கமற்ற சொற்களால் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் விதிகள் இவ்விரு மரபுகளுக்கும் ஒவ்வாதவை.

இறுதியாக, லாஸ் வேகாஸில் மாண்ட 60 பேரின் குடும்பங்களை மறந்து இவ்வழக்கைப் பேசுவது முறையாகாது. 2017இல் சட்டமன்றத்தினர் தமது கடமையைச் செய்திருப்பின், அக்குடும்பங்களுக்குக் கிடைத்த ஒரேயொரு ஆறுதல் 2024இல் பறிபோயிருக்காது. கடமையைத் தவிர்த்தோர் திணைக்களத்தின் பின்னால் ஒளிந்துகொண்டனர். திணைக்களம் தனக்கில்லாத அதிகாரத்தைப் பயன்படுத்தியது. நீதிமன்றம் எழுத்தைக் காத்தது. இழப்போ மக்களுடையதாயிற்று. நியாயமான நோக்கம் நியாயமான வழியில் சென்றால்தான் நிலைக்கும். அவ்வழியில் அரசைச் செலுத்துவது நீதியரசர்களின் பொறுப்பு மட்டுமன்று, வாக்களித்து அனுப்பிய பிரதிநிதிகளிடம் கணக்குக் கேட்கும் மக்களின் பொறுப்புமாகும் என்பதே எமது கருத்து.